சொல்வதா, பொறுப்பதா? ஆய்விதழ் பிறந்த கதை

1610ஆம் ஆண்டுக் கோடையில் இத்தாலியின் பதுவா நகரில் கலீலியோ தன் தொலைநோக்கியைச் சனியின் பக்கம் திருப்பினார். ஒற்றை ஒளிப்புள்ளியாக எல்லோரும் அறிந்திருந்த சனி, அவர் கண்ணுக்கு மூன்றாகத் தெரிந்தது. நடுவே பெரிதாக ஒன்று, இரு பக்கமும் ஒட்டினாற்போல் சிறிதாக இரண்டு. அவை சனியின் வளையத்தினுடைய இரு ஓரங்கள் என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைய கண்ணாடிகளுக்கு அதைப் பிரித்துக் காட்டும் வலு இல்லை. புதிதாக எதையோ பார்த்துவிட்டோம் என்பதில் கலீலியோவுக்கு ஐயமில்லை. பார்த்தது என்ன என்பதில்தான் ஐயம்.

அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் வியாழனின் நான்கு நிலவுகளைப் பற்றி வெனிஸில் ஒரு சிறு நூலை அச்சிட்டு, ஐரோப்பா முழுவதும் பேர் வாங்கியிருந்தார். இப்போது அவசரப்பட்டுத் தவறாக ஒன்றைச் சொன்னால் அந்த நிலவுகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். சொல்லாமல் இருந்தால் வேறொருவர் முந்திக்கொள்வார். தொலைநோக்கி அதற்குள் பலர் கைக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவே அவர் ஒரு வழி கண்டார். கண்டதை லத்தீனில் ஒரு வாக்கியமாக எழுதி, அதன் 37 எழுத்துகளையும் குலைத்துப் போட்டு, பிராக் நகரில் இருந்த டஸ்கனித் தூதருக்கு அனுப்பினார். பின்னால் யாராவது சனியைப் பற்றி இதையே சொன்னால், எழுத்துகளை ஒழுங்குபடுத்திக் காட்டி ‘நான் முன்பே சொன்னேன்’ என்று நிரூபிக்கலாம். பார்த்தது தவறு என்று தெரியவந்தால் வாயைத் திறக்காமலே இருந்துவிடலாம்.

பிராகில் பேரரசரின் கணித அறிஞராக இருந்தவர் கெப்ளர். அந்த எழுத்துக் குவியலோடு மல்லுக்கட்டிய அவர், செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் உண்டு என்ற பொருள்படும் ஒரு வரியை அதிலிருந்து திரட்டினார். செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு நிலவுகள்தாம். ஆனால் அவற்றை வானியலாளர் அசாப் ஹால் வானில் கண்டது 1877இல். கெப்ளருக்கு வாய்த்தது வெறும் தற்செயல். நவம்பரில் கலீலியோவே விடையைச் சொல்லும்வரை பிராகில் யாருக்கும் அது புரியவில்லை.

டிசம்பரில் இன்னொரு புதிர் வந்தது. இந்த முறை வெள்ளிக் கோள். எழுத்துகளைக் குலைத்து ஓரளவு பொருள் தரும் வாக்கியமாகவே அமைத்திருந்தார். அதில் அடங்காமல் இரண்டு எழுத்துகள் மிஞ்ச, அவற்றையும் கடைசியில் ஒட்டி அனுப்பினார். 1611 ஜனவரி முதல் நாள் விடை எழுதினார்: நிலவைப்போல வெள்ளியும் தேய்ந்து வளர்கிறது. அப்படியானால் அது சூரியனைத்தான் சுற்றுகிறது. பூமியே நடு என்ற பழைய கொள்கைக்கு விழுந்த பலத்த அடிகளில் இது ஒன்று. இதற்காக அவர் பொறுத்தது நியாயம் என்றே நினைக்கிறேன். வெள்ளி வட்டத்திலிருந்து பிறையாக மாறுவதைப் பார்த்து உறுதி செய்ய மாதக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். என் குறை வேறு. அந்த மாதங்களில் தொலைநோக்கி வைத்திருந்த இன்னொருவரிடம் ‘நீங்களும் பாருங்கள்’ என்று அவரால் சொல்ல முடியவில்லை. சொன்னால் கண்டுபிடிப்பு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டு. இத்தாலியில் அதற்கு முந்தைய நூற்றாண்டில் கணிதம் என்பது சோறு போடும் தொழில். பல்கலைக்கழகத்தில் வேலை நிலைப்பதும் போவதும் பொதுமேடைப் போட்டிகளைப் பொறுத்திருந்தது. ஒரு அறிஞர் இன்னொருவருக்குக் கணக்குகள் அனுப்புவார், அவர் பதிலுக்கு அனுப்புவார், தோற்றவர் மதிப்பிழப்பார். போலோனாவில் ஷிப்பியோனே தெல் ஃபெர்ரோ மும்மடிச் சமன்பாட்டின் ஒரு வகைக்குத் தீர்வு கண்டார். கணிதத்தில் பெரும் சாதனை அது. ஆனால் 1526இல் இறக்கும்வரை அவர் அதை அச்சில் வெளியிடவில்லை. தன் மாணவர் ஃபியோரிடமும் நெருங்கிய ஓரிருவரிடமும் மட்டும் விட்டுப்போனார்.

அந்த ஒரு ஆயுதத்தை நம்பி ஃபியோர் 1535இல் தர்த்தாலியா என்ற வெனிஸ் ஆசிரியரைப் போட்டிக்கு அழைத்தார். ஆளுக்கு 30 கணக்குகள். ஃபியோர் அனுப்பியவை எல்லாம் அந்த ஒரே வகை. கெடு முடிவதற்குச் சில நாட்கள் முன்பு தர்த்தாலியா வழியைத் தானே கண்டுபிடித்து முப்பதையும் தீர்த்தார். வென்றவரும் அதை வெளியே சொல்லவில்லை. 1539இல் மிலானில் கார்தானோ என்ற மருத்துவர் வற்புறுத்திக் கேட்டபோது, யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு செய்யுள் வடிவில் சொல்லிக்கொடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து கார்தானோ போலோனாவுக்குப் போய், தெல் ஃபெர்ரோவின் குறிப்பேட்டில் அதே தீர்வு இருப்பதைக் கண்டார். முதலில் கண்டவர் வேறொருவர், ஆகவே தான் கொடுத்த சத்தியம் கட்டுப்படுத்தாது என்று முடிவுசெய்து, 1545இல் தன் பெருநூலில் அதை வெளியிட்டார். தெல் ஃபெர்ரோ, தர்த்தாலியா இருவர் பெயரையும் அதில் சொல்லித்தான் எழுதினார். ஆனாலும் தர்த்தாலியா அவரை மன்னிக்கவே இல்லை. இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் அந்தத் தீர்வு பெரும்பாலும் கார்தானோ பெயரால்தான் வழங்குகிறது. இருவரில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. தர்த்தாலியா ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தது இயல்பு. கார்தானோ அச்சிட்டிராவிட்டால் அந்தக் கணிதம் இன்னும் எத்தனை காலம் சிலர் பெட்டிக்குள் முடங்கியிருக்குமோ!

17ஆம் நூற்றாண்டின் நடுவிலும் நிலைமை அப்படியேதான். சனியின் வளையத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ் 1656இல் அதைக் குலைந்த எழுத்துகளாகத்தான் வெளியிட்டார். விளக்கம் 1659இல் வந்தது. சுருள்வில் எவ்வளவு இழுபடும் என்று ராபர்ட் ஹூக் கண்ட விதியை நம் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறார்கள். 1676இல் அது முதலில் அச்சேறியபோது வெறும் 14 எழுத்துகள். இரண்டு ஆண்டு கழித்துத்தான் அதன் பொருளைச் சொன்னார்.

இவர்களெல்லாம் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் தன் சாதனையை ஊருக்குச் சொல்லத் தயங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், சொன்ன நாளை நேர்மையாகக் குறித்துவைக்க ஆள் இல்லாததுதான். அந்த ஆளாக ஒருவர் வந்தார். அவர் விஞ்ஞானி இல்லை.

ஹென்றி ஓல்டன்பர்க் ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக்காரர். இறையியல் படித்தவர். பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்து, அவர்களோடு ஐரோப்பா சுற்றி, பல மொழிகள் கற்றவர். அவரிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர் விஞ்ஞானி ராபர்ட் பாயிலின் அக்காள் மகன். 1660 நவம்பர் 28 அன்று லண்டனில் சிலர் கூடித் தொடங்கிய அமைப்புதான் பின்னர் அரச சாசனம் பெற்று ராயல் சொசைட்டி ஆனது. 1663இல் ஓல்டன்பர்க் அதன் இரு செயலர்களில் ஒருவரானார். வாராவாரம் நடந்த கூட்டங்களில் யார் என்ன சோதனை காட்டினார், என்ன கடிதம் படிக்கப்பட்டது என்று குறிப்பெடுப்பது அவர் வேலை. போலோனா, பாரிஸ், டான்சிக், ஆம்ஸ்டர்டாம் என்று ஐரோப்பாவின் ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதுவதும் அவரேதான். சம்பளம் கிடையாது, பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஏதோ கொடுத்தார்கள்.

இந்தக் கடிதப் போக்குவரத்தின் நடுவில்தான் அவர் ஒன்றைக் கவனித்தார். பாயில் போன்றவர்கள்கூடத் தங்கள் சோதனைகளைத் தாராளமாகச் சொல்லத் தயங்கினார்கள். கையெழுத்துப் படிகள் காணாமல் போவதும், வேறு ஊரில் வேறு பெயரில் வெளிவருவதும் பாயிலுக்கு நேர்ந்த அனுபவம். சங்கத்தில் ஒரு பதிவேடு இருந்தது. யார் எதை என்று கொண்டுவந்தார் என்று அதில் நாளோடு ஏறும். முழுமையடையாத கருத்தானால் உறையிலோ பெட்டியிலோ முத்திரையிட்டுச் செயலரிடம் ஒப்படைக்கவும் சங்கம் இடம் கொடுத்தது. ஆனால் பதிவேடு லண்டனில் ஒரு அலமாரியில் இருக்கிறது. பாரிஸில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? பதிவேட்டையே அச்சிட்டு விற்றால் என்ன என்று ஓல்டன்பர்க் நினைத்தார்.

1665 மார்ச் 1 அன்று சங்கத்தின் ஆட்சிக்குழு அனுமதி கொடுத்தது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, போதிய விஷயம் இருந்தால், அச்சிடலாம். அச்சேறுமுன் சங்க உறுப்பினர் சிலர் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை. மார்ச் 6 அன்று ‘பிலசாபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ முதல் இதழ் வெளிவந்தது. பதினாறே பக்கம். ரோமில் செய்யப்பட்ட புதிய கண்ணாடி வில்லைகள், வியாழனில் ஹூக் கண்ட ஒரு புள்ளி, பாயிலின் குளிர் பற்றிய ஆய்வு, கடலில் ஊசல் கடிகாரம், பெர்முடாத் தீவில் திமிங்கில வேட்டை, வினோதமாகப் பிறந்த ஒரு கன்று, அந்த ஆண்டு ஜனவரியில் இறந்துபோன கணிதர் ஃபெர்மாவைப் பற்றிய குறிப்பு என்று கலவையாக இருந்தது. இன்றைய ஆய்விதழோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு வாரப் பத்திரிகை மாதிரிதான் இருக்கும். இரண்டு மாதம் முன்பே, ஜனவரி 5 அன்று, பாரிஸில் தெனி தெ சல்லோ ஒரு அறிஞர் இதழைத் தொடங்கிவிட்டார். ஆனால் அது பெரும்பாலும் நூல் மதிப்புரை. சட்டம், இறையியல் எல்லாம் உண்டு. கண்டவர், கண்டது, சொன்ன நாள் மூன்றையும் சேர்த்து ஊரறியப் பதிவு செய்வதையே தொழிலாகக் கொண்டது லண்டன் இதழ்தான்.

இதழ் அன்று சங்கத்தின் சொத்து இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. ஓல்டன்பர்க் தன் சொந்தப் பொறுப்பில் நடத்தினார். ஆண்டுக்கு 150 பவுன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். 40 பவுன் வந்தாலே அதிகம் என்று ஆனது. தொடங்கிய சில மாதங்களில் லண்டனைப் பிளேக் தாக்கியது. சங்கத்தார் ஊரைவிட்டு ஓடினார்கள். ஓல்டன்பர்க் குடும்பத்தோடு லண்டனிலேயே இருந்தார். சில இதழ்கள் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாயின. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பெருந்தீ. செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றியிருந்த புத்தகக் கடைகள் எரிந்து, அச்சிட்டு வைத்திருந்த படிகளும் சாம்பலாயின. 1667இல், ஹாலந்தோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, வெளிநாட்டுக்கு எழுதும் கடிதங்களில் அரசைக் குறைகூறினார் என்று அவரையே லண்டன் கோபுரச் சிறையில் இரண்டு மாதம் அடைத்தார்கள். வெளியே வந்ததும் மீண்டும் இதழ் வேலையில் இறங்கினார். அயல்நாட்டுக் கடிதங்கள் ‘குரூபெண்டால்’ என்ற பெயருக்கு வந்துகொண்டிருந்தன. அவர் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றிப் போட்ட பெயர் அது. கண்டுபிடிப்புகளைக் குலைத்து மறைக்கும் பழக்கத்துக்கு முடிவுகட்ட உழைத்தவர், தன் பெயரைக் குலைத்து மறைத்து அந்த உழைப்பைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இந்த மனிதருக்கு நாம் போதிய நன்றி சொல்லவில்லை என்பது என் ஆதங்கம்.

இதழால் பயன்பெற்றவர் யார் என்று பார்த்தால் அதன் அருமை புரியும். டெல்ஃப்ட் நகரில் லேவன்ஹுக் என்று ஒரு துணி வியாபாரி. பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, லத்தீன் தெரியாது. தானே தேய்த்துச் செய்த சின்னஞ்சிறு வில்லைகளில் உலகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய காலமாக இருந்தால் அவர் பேச்சு அந்த ஊர் எல்லை தாண்டியிருக்காது. 1673இல் அவருடைய முதல் கடிதம் ஓல்டன்பர்க் கையில் வந்தது. அவருடைய டச்சுக் கடிதங்களை ஓல்டன்பர்க் ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிட்டார். 1676 அக்டோபரில் லேவன்ஹுக் எழுதிய நீண்ட கடிதம், ஒரு துளி நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நெளிவதைச் சொன்னது. நம்புவது கடினமாக இருந்தது. தான் வில்லை செய்யும் நுட்பத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் பாதிரியார், நோட்டரி என்று ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டி, அவர்கள் கண்டதாகச் சான்று எழுதி வாங்கி அனுப்பினார். லண்டனில் ஹூக் தானே ஒரு நுண்ணோக்கியைச் சரிசெய்து, 1677 நவம்பரில் சங்கத்தார் முன் அந்த உயிர்களைக் காட்டினார். துணி வியாபாரி சொன்னது மெய்யென்று ஆயிற்று. சொன்னவரின் தகுதியைப் பாராமல், சொன்னதைச் சோதித்துப் பார்த்தார்கள். இதைவிட ஒரு இதழுக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

ஹூக்குக்கும் ஓல்டன்பர்க்குக்கும் மட்டும் ஒத்துப்போகவில்லை. 1675இல் ஹைகன்ஸ் சுருள்வில்லால் ஒழுங்காக ஓடும் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றை அறிவித்தார். அது தன் யோசனை, ஆண்டுகளுக்கு முன்பே சங்கத்தில் காட்டினேன் என்று ஹூக் கொதித்தார். தன் ரகசியங்களை வெளிநாட்டுக்குக் கடத்துகிறார் என்று ஓல்டன்பர்க்கை அச்சிலேயே சாடினார். 1676இல் சங்கத்தின் ஆட்சிக்குழு ஓல்டன்பர்க் பக்கம் நின்று இதழில் அறிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஓல்டன்பர்க் இறந்தார். 2006இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டு அலமாரியிலிருந்து ஹூக்கின் கையெழுத்துத் தொகுப்பு ஒன்று வெளியே வந்தது. 1670 ஜூனில் ஒரு கூட்டத்தில் ஹூக் தன் கடிகாரத்தைக் காட்டிய குறிப்பு அதில் இருந்தது. ஹூக் பொய் சொல்லவில்லை. கூட்டத்தில் காட்டியவர் அச்சில் போடாமல் விட்டார், அவ்வளவுதான். அந்தக் குறிப்பு வெளிச்சத்துக்கு வர 336 ஆண்டுகள் ஆயின.

அச்சில் போடாததற்கு அதைவிடப் பெரிய விலை கொடுத்தவர் நியூட்டன். 1672இல் ஒளியும் நிறமும் பற்றிய அவருடைய கடிதத்தை ஓல்டன்பர்க் உடனே இதழில் வெளியிட்டார். ஹூக் தொடங்கிப் பலர் மறுத்து எழுத, பதில் சொல்லிச் சொல்லி நியூட்டன் களைத்துப்போனார். இனி எதையும் வெளியிடுவதில்லை என்று ஒதுங்கினார். நுண்கணிதத்தை அவர் 1660களிலேயே கண்டுவிட்டார். 1676இல் ஓல்டன்பர்க் வழியாக ஜெர்மன் கணிதர் லைப்னிட்ஸுக்கு எழுதியபோது, அதன் உயிர்நாடியைப் பழையபடி எழுத்துக் குவியலாகவே எழுதினார். லைப்னிட்ஸ் தன் சொந்த வழியில் அதைக் கண்டு 1684இல் லைப்சிக் நகர ஆய்விதழில் வெளியிட்டார். நியூட்டனின் நுண்கணிதக் கட்டுரை அச்சேறியது 1704இல். பிறகு நடந்தது அறிவுலகத்தின் கசப்பான சண்டைகளில் ஒன்று. 1712இல் ராயல் சொசைட்டி ஒரு விசாரணைக் குழு போட்டது. சங்கத் தலைவர் நியூட்டன். குழுவின் அறிக்கையை எழுதியவரும் மறைமுகமாக அவரே. உலகின் தலைசிறந்த மூளை ஒன்று, பிந்தி அச்சிட்டதை ஈடுகட்ட நேர்மையையே தொலைத்தது. மறுத்து எழுதுபவர்களின் கடிதங்களைத் தாங்கிக்கொள்வதும் சாதனையாளரின் வேலையில் ஒரு பகுதிதான் என்று எடுத்துச் சொல்ல அவருக்கு யாரும் இல்லாமல் போனார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

ஓல்டன்பர்க் விட்டுச்சென்ற இதழ் தட்டுத்தடுமாறிப் பிழைத்து, 1752இல் ராயல் சொசைட்டியின் அதிகாரபூர்வ இதழாயிற்று. பிரான்சில் அறிவியல் கழகமும் முத்திரை உறைகளை வாங்கிவைத்தது. கந்தகமும் பாஸ்பரஸும் எரியும்போது எடை கூடுகிறது என்று கண்ட வேதியியலாளர் லவாய்சியே, 1772 நவம்பர் 1 அன்று அதை உறையிலிட்டுக் கொடுத்தார். அடுத்த மே மாதம், சோதனைகள் மேலும் தெளிந்த பின், திறக்கச் சொன்னார். நவீன வேதியியல் அந்த உறையிலிருந்துதான் பிறந்தது எனலாம். உறை ஒரு ஆறு மாத அவகாசம் தந்தது. அதற்குமேல் அவர் காக்கவைக்கவில்லை.

இந்தக் கதை நம் பக்கம் வந்து சேர்ந்தது 1928இல். திருச்சி அருகே திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் கல்கத்தா பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கக் கூடத்தில் ஒளிச்சிதறலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரோடு வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணன். ஒளி ஒரு திரவத்தின் ஊடே சிதறும்போது, நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்றும் கூடவே வருகிறது என்பதற்கான தடயம் பல ஆண்டுகளாக அந்தக் கூடத்தில் கிடைத்துவந்தது. 1923இலேயே கே.ஆர். ராமநாதன் அதைக் கவனித்தார். அப்போது அதை மாசினால் வரும் ஒளிர்வு என்று நினைத்தார்கள். 1928 பிப்ரவரியில் பல திரவங்களைச் சுத்தம் செய்து சோதித்தபோது ஒவ்வொன்றிலும் அது வந்தது. பிப்ரவரி 16 தேதியிட்டு ‘நேச்சர்’ இதழுக்கு இருவர் பெயரிலும் கடிதம் போயிற்று. பிப்ரவரி 28 அன்று பாதரச விளக்கொளியை நிறமாலை காட்டியில் பார்த்தபோது, புதிய கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. மறுநாள் செய்தித்தாள்களுக்குச் சொன்னார். மார்ச் 16 அன்று பெங்களூரில் விரிவாகப் பேசினார். அந்தப் பேச்சு, இரண்டு ஆண்டு முன்பு அவரே தொடங்கிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில் மார்ச் முடிவதற்குள் வெளியாயிற்று. அதன் படிகளை உலகெங்கும் இருந்த இயற்பியலாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார்.

மாஸ்கோவில் மாண்டல்ஷ்டாம், லாண்ட்ஸ்பெர்க் இருவரும் அதே விளைவைப் படிகக் கல்லில் கண்டிருந்தார்கள். கண்ட நாள் பிப்ரவரி 21. ராமன் கோடுகளைக் கண்டதற்கு ஒரு வாரம் முன்பு! பொறுமையாக அளந்து, கணக்குப் பார்த்து, ஜெர்மன் இதழுக்கு அவர்கள் கட்டுரை அனுப்பியது மே 6 அன்று. அச்சில் வந்தது ஜூலை 13 அன்று. அந்த வாரங்களில் மாண்டல்ஷ்டாம் கைதான தன் உறவினர் ஒருவரை மீட்க அலைந்துகொண்டிருந்தார் என்று ரஷ்ய இயற்பியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மனிதருக்கு எது முதல் என்று தெரிந்தவர் அவர். அந்த அலைச்சலை யாரும் குறை சொல்ல முடியாது. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. மாஸ்கோக்காரர்களின் ஆய்வு எந்த வகையிலும் தாழ்ந்ததில்லை என்பதைத் தமிழர்களாகிய நாம் பெருந்தன்மையோடு சொல்ல வேண்டும்.

ராமன் அவசரக்காரர் என்று சிலர் சொல்வதுண்டு. நான் ஒப்பமாட்டேன். நேச்சருக்குக் கடிதத்தை அனுப்பிய பிறகுதான் அவர் செய்தித்தாளுக்குச் சொன்னார். சொன்னது யாரும் செய்துபார்க்கக் கூடியதாக இருந்தது: பாதரச விளக்கு, சுத்தமான திரவம், ஒரு நிறமாலை காட்டி. பெர்லினில் பிரிங்ஷைம் செய்துபார்த்தார், அமெரிக்காவில் ஆர்.டபிள்யு. வுட் செய்துபார்த்து, சரிதான் என்று நேச்சருக்குத் தந்தியே கொடுத்தார்.

இதற்கு நேர்மாறாக நடந்தது 1989 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில். பான்ஸ், ஃபிளெய்ஷ்மன் என்ற இரு வேதியியலாளர்கள் மேசைமேல் வைத்த கண்ணாடிக் கலத்தில், கனநீரில் பல்லேடியம் தகட்டை வைத்து மின்சாரம் செலுத்தி, அணுக்கருப் பிணைவையே நிகழ்த்தியதாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு குழு இதே துறையில் வேலை செய்துகொண்டிருந்தது. முந்திவிட வேண்டும் என்ற பதற்றம். கட்டுரை இன்னும் அச்சாகவில்லை. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் செய்தித்தாளையும் தொலைநகலில் வந்த தாள்களையும் பார்த்து முயன்றன. எவ்வளவு நேரம், எப்படி அளந்தார்கள் என்ற விவரம் போதவில்லை. பேர்பெற்ற கூடங்கள் முயன்றும் வரவில்லை. மே முதல் நாள் பால்டிமோரில் கூடிய இயற்பியலாளர்கள் அதை வெளிப்படையாகவே மறுத்தார்கள். ராமனும் மறுநாளே பத்திரிகைக்குச் சொன்னார், இவர்களும் சொன்னார்கள். வேறுபாடு வேகத்தில் இல்லை. பிறர் தாமே செய்துபார்க்கப் போதுமான அளவு கையில் கொடுத்தார்களா என்பதில்தான். சாதனையை எப்போது சொல்லலாம் என்று என்னைக் கேட்டால், நான் பார்க்கும் அடையாளம் அது ஒன்றே.

ஓல்டன்பர்க் செய்த வேலையை இன்று கணினி செய்கிறது. 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ என்ற கட்டுரைக் களஞ்சியம், கட்டுரை வந்து சேர்ந்த நாளை அதன் முதல் பக்கத்திலேயே பொறித்து, யாரும் படிக்கும்படி வைக்கிறது. ரஷ்யக் கணிதர் பெரல்மான், நூறாண்டுப் பழைய பொன்காரே புதிருக்குத் தான் கண்ட தீர்வை 2002 நவம்பர் முதல் மூன்று கட்டுரைகளாக அங்கேதான் போட்டார். வேறெந்த இதழுக்கும் அனுப்பவில்லை. கணிதர்கள் சில ஆண்டுகள் வரிக்கு வரி சரிபார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே நம் கல்லூரிகளில் ஆய்வு செய்யும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். ஒரு முடிவு இரண்டாம் முறையும் அப்படியே வந்தால், அதை முதலில் உங்கள் துறைக் கூட்டத்தில் சொல்லுங்கள். கேள்வி கேட்பவரை எதிரியாக எண்ணாதீர்கள். காப்புரிமைக்கு உரிய பொருளானால் எதையும் வெளியே சொல்லுமுன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், சொன்ன பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. மற்றபடி, இன்னொருவர் செய்துபார்க்கும் அளவுக்கு எழுத முடிந்த அன்றைக்கே, உங்கள் நெறியாளரின் இசைவோடு கட்டுரையைக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் மட்டுமல்ல, உயிரியலுக்கும் வேதியியலுக்கும் இத்தகைய களஞ்சியங்கள் வந்துவிட்டன. கட்டணம் கிடையாது.